வானம் யார் போட்டது?

சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். கதை எழுதுகிறவனுடைய கடிதத்துக்கு உலகத்தில் ஏதோ மதிப்பு இருக்கிறதென்று நம்பி வருகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்கவும் மனம் வருவதில்லை. காப்பாற்றவும் வழி தெரிவதில்லை.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. பொள்ளாச்சியில் சந்தை நாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என் வாசல் கதவைப் படார் படாரென்று அடித்துக் கொண்டிருந்தது. அந்தக் காற்றில் ஓர் ஆல்பத்தை மார்போடு அணைத்தபடி ஓர் இளைஞன் வந்து நின்றான். கோயமுத்தூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறானாம். அதன் முதலாளி எனக்குப் பழக்கம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா போதுங்க ஐயா" என்றான்.

ஆல்பத்தைப் புரட்டினேன். மொத்தம் 12 படங்கள். சில சுமார், சில நன்று. ஏழாவது படத்தில் என் கை நின்றுவிட்டது.

சந்தைக்கு வந்த மாட்டு வண்டி. வண்டி நிறையத் தேங்காய். அவிழ்த்துவிட்ட மாடுகளில் ஒன்று படுத்து அசை போடுகிறது. பின்னால் ஆனைமலை. மேலே, மழையைச் சுமந்துகொண்டு கணவாய் வழியாக வரும் மேகம். படுத்திருக்கும் அந்த மாட்டை எனக்குத் தெரியும். என் சிநேகிதர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் பல வருஷங்களாக நான் பார்த்துக் கும்பிடு போட்ட மாடு அது!

சிநேகிதர் கடைப் பலகை எழுதுகிறவர். மளிகைக் கடை, ஜவுளிக் கடை, வெல்ல மண்டி என்று ஊரில் பாதிக் கடைகளுக்கு அவர் எழுத்துத்தான். பிளெக்ஸ் பலகை வந்து அந்தத் தொழிலை விழுங்கிய பிறகு வீட்டில் உட்கார்ந்து தமக்காக வரைந்தார். கடைப் பலகைகளின் மூலையில் பொடி எழுத்தில் கையெழுத்துப் போடுவார். இந்தப் படத்தில் போடவில்லை. சொந்த வீட்டில் யாருக்குப் பெயர் சொல்ல வேண்டும்? அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது.

"இது யார் போட்டது, தம்பி?"

"நான்தானுங்க" என்றான். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "வானம் முச்சூடும் நான் போட்டதுங்க. மாஸ்டர் மாடும் வண்டியும் போட்டுட்டு, வானத்தை நீயே போட்டுக்கடான்னு விட்டுட்டாருங்க" என்றான்.

"அப்படியானால் மாடு?"

பதில் இல்லை.

கோபித்துக்கொள்ளத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வார்த்தை வரவில்லை. அதற்குக் காரணம் என் அலமாரியில் இருந்தது.

என் முதல் சிறுகதைத் தொகுதியில் மூன்றாவது கதை நல்ல கதை. பலர் பாராட்டியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் பதிப்பாளர் என் முதல் நாவலைக் கேட்டு வாங்கினார். அந்தக் கதை என்னுடையதல்ல. ஆங்கில மொழிபெயர்ப்பில் நான் படித்த ஒரு பிரெஞ்சுக் கதை. ஊரை மாற்றினேன், பெயர்களை மாற்றினேன், பனியை எடுத்துவிட்டு மழையைப் போட்டேன். மூல ஆசிரியர் பெயரை மட்டும் போடவில்லை. ஆக, நானும் ஒரு காலத்தில் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனவன்தான்.

மனம் உறுத்தும்போதெல்லாம் பெரியவர்களைத் துணைக்கு அழைத்துக்கொள்வேன். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று நாம் கொண்டாடும் வ. வே. சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' தாகூரின் கதையொன்றைத் தழுவியது என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அங்கே கதை சொல்வது படித்துறை, இங்கே மரம். ஐயரே செய்திருக்கும்போது நான் எந்த மூலை என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் ஐயரின் மரம் நம் ஊர் மண்ணில் வேர் விட்டு, தன் குரலில் பேசியது. என் மழை வெறும் சாயம்.

பிறர் படத்தைப் பார்த்து வரைவது பாவமல்ல. ரவிவர்மாவின் அச்சுப் படங்களைப் பார்த்துக் கை பழகியவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்! அப்படித்தான் வித்தை வளரும். ஆனால் வேலை கேட்கிற இடத்தில் நீட்டுகிற ஆல்பம் வேறு விஷயம். அது அழகுக்காக வைத்த படம் அல்ல. 'இதை என்னால் செய்ய முடியும்' என்று கொடுக்கிற வாக்கு. நாளைக்கு முதலாளி, "இதேபோல் ஒரு மாடு போடப்பா" என்றால் பையன் எங்கே போவான்?

நம் பழைய ஸ்தபதிகளைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி போன்றவை நீங்கலாக மற்றெதையும் செய்து தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பார்களாம். இன்னது எங்கள் கைக்கு வராது என்று தாங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது! அந்த 'நீங்கலாக' என்ற ஒரு சொல்லில் எவ்வளவு கம்பீரம்!

கோவில்பட்டி கொண்டையராஜுவும் நினைவுக்கு வந்தார். 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். சிவகாசிக் காலண்டர்கள் மூலம் அவருடைய முருகனும் மீனாட்சியும் நம் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தார்கள். அவர் பெயரும் சீடர் டி. எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே அச்சான படங்கள் உண்டு. இரண்டு கை பட்டால் இரண்டு பெயர். கணக்கு அவ்வளவுதான்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவின்படி, உரிமையை விற்றுவிட்டாலும் 'படைத்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனிடமே நிற்கிறது. காப்புரிமையோ ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு உண்டு.

"அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டாம். கீழே உள்ளதை உள்ளபடி எழுது. அதற்குமுன் அந்த அம்மாளிடம் போய்க் கேட்போம், வா" என்றேன்.

இருவரும் போனோம். சிநேகிதரின் மனைவி ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பையன் ஏற்கெனவே பென்சிலால் எழுதியிருந்தான்: மாடும் வண்டியும் மலையும் குருநாதர், வானம் நான். குருநாதரின் பெயரை இனிஷியலோடு எழுதியிருந்தான்.

அந்த அம்மாள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஊருக்கெல்லாம் பேரு எழுதினாரு. இந்தப் படத்துல அவரு பேரு இல்லைங்கறது எனக்கு இன்னிக்கித்தானுங்ணா தெரியுது" என்றார். பையனைப் பார்த்து, "பென்சில் அழிஞ்சு போயிரும் கண்ணு. மையில எழுது" என்றார்.

அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்தேன். பையனைப் புகழ்ந்து ஒன்றும் எழுதவில்லை. 'ஏழாவது படத்தில் வானத்தை மட்டும் பாருங்கள். அது இவன் போட்டது' என்று எழுதினேன். வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். மூன்று மாதம் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். மாடு வரைய இன்னும் வரவில்லையாம். வந்துவிடும்.

என் விஷயம் பாக்கியிருந்தது. முதல் தொகுதியின் மறுபதிப்புக்கு அச்சுப் பிழை திருத்தப் படிகள் வந்திருந்தன. மூன்றாவது கதையின் தலைப்புக்குக் கீழே, மூல ஆசிரியரின் பெயரை ஒரே வரியில் எழுதினேன். அந்த ஒரு வரி எழுத ஒரு நாவல் எழுதுகிற நேரம் ஆயிற்று.

பதிப்பாளர் டெலிபோனில் கூப்பிட்டார். "இத்தனை வருஷம் கழித்து இது எதற்கு ஸார்? யார் கேட்டார்கள்? நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா?"

"பேசட்டும்" என்றேன். "அந்தக் கதையில் மழை மட்டும்தான் ஐயா என்னுடையது."