வாவி கடந்து ஒரு தயிர்ச் சட்டி

எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குத் துவிச்சக்கர வண்டியில் செல்ல அதிகாலையே நல்லது. ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து மண்முனைப் பாலத்தால் மட்டக்களப்பு வாவியைக் கடக்கலாம். 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை 'பாதை' எனப்படும் மிதவைக்கே மக்கள் காத்திருந்தனர். அப்பால் கொக்கட்டிச்சோலை நோக்கி வயல்வெளியும் காற்றும் கூடவரும்.

வழியிலுள்ள கடையில் எருமைத் தயிர் வாங்குங்கள். மண்சட்டி நீரை உறிஞ்சுவதால் தயிர் கட்டியாக இருக்கும். பல வீடுகளில் பால் காய்ச்சி உறை ஊற்றுபவர்கள் பெண்களே. நாம் கொடுக்கும் காசு இன்னொரு சகோதரியின் அடுப்பையும் எரிக்கும்.

"கணவனை இழந்தவளுக்கு ஊர் சுற்றல் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. விறகுக்கும் நிவாரணத்துக்கும் மிதித்த கால்கள், மனம் ஆறவும் ஒருநாள் மிதிக்கட்டும். தயிர் வாங்கப் போனேன் என்று சொல்லுங்கள். பதிலே சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. இருவர் மூவராகச் சென்று, வெயில் ஏறுமுன் திரும்புங்கள்.