ஆத்தா கணக்கு

அரிசிப் பானைக்குள் கையை விட்டால் அடியில் தட்டுப்படும் அந்த மஞ்சள் முடிச்சு. சமயபுரத்தாளுக்கு நேர்ந்து அம்மா முடிந்து வைத்த காசு. மாதக் கடைசியில் கையை அவ்வளவு ஆழம் விட வேண்டியிருக்காது. மூடியைத் திறந்தாலே மஞ்சள் தெரியும்.

உறையூரில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கல் பட்டறை வேலை. திருச்சியில் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டியே பல தெருக்கள் சோறு தின்ற காலம். குச்சி நுனியில் அரக்கு வைத்து எள்ளளவு கல்லை ஒட்டி, சுற்றும் சாணையில் பிடிப்பார்; கண்ணருகே தூக்கிப் பார்ப்பார்; மறுபடி பிடிப்பார். இயந்திரத்தில் வெட்டிய சீனக் கற்கள் வந்து இறங்கியதும் வாரக்கூலி பாதியானது. பிறகு பட்டறைக்கே பூட்டு.

அப்புறம் தண்டல். ஆயிரம் என்று பேர், கையில் 900. தினம் பத்து ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. எங்கள் சந்துக்குள் அது வந்ததாக நினைவில்லை.

மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் ஆரம்பிக்கும். அன்றிலிருந்து 28 நாள் சமயபுரத்தாள் பச்சைப் பட்டினி. மற்ற கோயில்களில் சாமிக்காக மனுசர் விரதம் இருப்பார்கள். இங்கே மக்களுக்காக ஆத்தாளே பட்டினி கிடக்கிறாள். தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் அவ்வளவுதான். அம்மாவும் மஞ்சள் புடவை கட்டிக்கொள்வாள். அடுப்பு எரியாத வீட்டுக்கு அந்த மாதம் ஒரு மரியாதை வந்துவிடும். பக்கத்து வீட்டில், “ஏன்டி சமைக்கலையா?” என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் தண்டல்காரர் வாசலில் நின்று அப்பா பேரைச் சொல்லிக் கத்தினார். அப்பா கொல்லைப்புறம் போய்விட்டார். அம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு வெளியே வந்தாள். “அண்ணே, விரத வீடு. பங்குனி முடியட்டும், ஒரு நாள் பாக்கியில்லாம கட்டிடுறேன்” என்றாள். அவர் கையை ஓங்கிப் பேச வந்தவர், சட்டென்று இறக்கிக்கொண்டார். மணிக்கட்டில் அவரும் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார். அடுத்த வாரமே மறுபடி வந்தார், அது வேறு. ஆனால் செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, தணிந்த குரலில் கூப்பிட்டார்.

அப்பாவுக்குச் சாமி கிடையாது. புத்தூர் பெரியார் மாளிகைக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர். அம்மா துள்ளுமாவு உருட்டி வைத்தால் மட்டும் பேசாமல் தின்பார். ஊற வைத்து இடித்த பச்சரிசியும் வெல்லமும் பசிக்கு நல்லதுதானே.

சித்திரைத் தேருக்கு நடந்தே போவோம். சிந்தாமணி, காவிரிப் பாலம், திருவானைக்கா, கொள்ளிடம், டோல்கேட். கொள்ளிடத்தைத் தாண்டியதும் அம்மா வேகமாக நடப்பாள். கடன்காரர் யாரும் எதிரில் வராத சாலை அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. வழியெல்லாம் கரும்புத் தொட்டிலும் அக்னிச்சட்டியுமாகப் போகும் கூட்டத்தில், இவள் கையில் இந்த முடிச்சு இருக்காது. அது பானையிலேயே கிடக்கும். கொண்டுபோய்ச் செலுத்தும் அளவுக்கு அது என்றைக்குமே முழுசாக இருந்ததில்லை. தண்டல் தவணைக்கு அதிலிருந்துதான் எடுப்பாள். எடுத்ததை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதுவாள்: ‘ஆத்தாளுக்கு 12 ரூபாய்.’ திருப்பி வைக்கும்போது ஒரு ரூபாய் சேர்த்தே வைப்பாள். ஆத்தா காசுக்கு வட்டி கொடுக்காமல் இருக்கலாமா என்பாள்.

பக்தியால் கடன் அடைந்தது என்று எழுதினால் பொய். அம்மாவின் தோடு போனது. அக்கா ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் நின்றாள். அப்படித்தான் அடைந்தது. வேறொன்றும் வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. பங்குனி முடிந்த பிறகும் அம்மா, “இன்னைக்கு விரதம்டா, நீங்க சாப்பிடுங்க” என்பாள். பஞ்சாங்கத்தில் இல்லாத விரதமெல்லாம் எங்கள் வீட்டில் இருந்தது.

போன மாசியில் ஊருக்குப் போனேன். பானை போய் பிளாஸ்டிக் டப்பா வந்துவிட்டது. முடிச்சு இருக்கிறது. அவிழ்த்துக் கொட்டினாள். பாதி நாலணாக் காசு. “இதெல்லாம் 2011-லயே செல்லாதுன்னுட்டாங்கம்மா” என்றேன். அவள் காதில் விழவில்லை. மஞ்சள் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவித் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள், நாலு நாலணா ஒரு ரூபாய் என்று.