நடு ஆற்றில் ஒரு மணல்மேடு
நல்லம்பள்ளியிலிருந்து ஒரு நாள் பரிசல் பயணம்

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. அலை பார்க்க வேண்டுமென்றால் நல்லம்பள்ளிக்காரர்கள் பாண்டிச்சேரி வரை போக வேண்டும். ஆனால், நாலு பக்கமும் தண்ணீர் ஓட, நடுவில் வெள்ளை மணலில் கால் நீட்டி உட்கார வேண்டுமென்றால் காலையில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம். ஒகேனக்கல் மணல்மேடுதான் அந்த இடம்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் சாமந்தியும், மானாவாரியில் சாமையும் ராகியும் செய்கிறது ஒரு குடும்பம். பொங்கல் பூ அறுப்பு முடிந்து, விலையும் இறங்கிவிட்ட தை மாதக் கடைசி. ஆட்டுச் சந்தை கூடும் செவ்வாயை விட்டுவிட்டு, புதன்கிழமை கிளம்பினார்கள். மகன், மருமகள், பேரன், அவர்களோடு 68 வயது ஆயா. இத்தனை வருடத்தில் ஆயா காவிரியைப் பார்த்ததே இல்லை. களை, ஆடு, பூ அறுப்பு என்று ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் தடுத்துவிட்டது.

புளிய மரங்களைத் தாண்டி...

அதியமான்கோட்டை வழியாகத் தருமபுரி போய், அங்கிருந்து இண்டூர், பென்னாகரம் என்று போகிறது பஸ். வழியெல்லாம் புளிய மரமும் காய்ந்த கொள்ளுக்காடும். பென்னாகரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காடு தொடங்கி, சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. யானை கடக்கும் பாதை என்பதால் இறங்கி நிற்கக் கூடாது.

கீழே இறங்கியதும் முதலில் வருவது சத்தம்தான். ‘ஹொகே’ என்றால் கன்னடத்தில் புகை. புகை கிளம்பும் கல் என்பதால் ஒகேனக்கல். பாறை இடுக்கில் விழும் தண்ணீர் சாரலாக மேலே எழும்புவதைப் பார்த்தால் பேர் வைத்த காரணம் புரியும். ஆற்றுக்கு அக்கரை கர்நாடகா.

துடுப்பு ஒன்று, பரிசல் ஒன்று

கோத்திக்கல் பரிசல் துறையில் சீட்டு வாங்கி, உயிர்காக்கும் உடுப்பை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னிய ஒரு பெரிய கூடை. அந்தக் காலத்தில் அடியில் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசுகிறார்கள். முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. ஒற்றைத் துடுப்பில்தான் திசை.

“ஆயா, நடுவுல உட்காருங்க. எந்திரிச்சு மட்டும் நிக்காதீங்க” என்றார் பரிசல் ஓட்டி.

இரண்டு பக்கமும் பாறைச் சுவர். மெயின் அருவி, கூட்டாறு என்று சுற்றிக்கொண்டு போகும்போது, எதிரே இன்னொரு பரிசலில் முறுக்கும் மீன் வறுவலும் விற்றுக்கொண்டு வந்தார்கள். பேரன் மீனுக்குக் கை நீட்ட, மருமகள் பர்சைத் தேடினார். ஆயா மட்டும் இரண்டு கையாலும் பரிசல் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாறை விலகி ஆறு அகலும் இடத்தில் வேகம் குறைகிறது. வெள்ளத்தில் அடித்து வரும் மணல் அங்கேதான் தங்குகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மேட்டின் வடிவம் மாறும். ஆடியில் முழுகிக் கிடக்கும் மணல், தண்ணீர் வடிந்ததும் வெயிலில் பளபளக்கும். பரிசல் அங்கே ஒதுங்கியது.

“இதுதானா அந்தத் தண்ணி?”

ஆயா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தார். ஓரத்தில் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளினார்.

“இதுதானாடா நம்ம குழாயில வர்றது?”

“இதுதாம்மா. இங்க இருந்து எடுத்து, சுத்தம் பண்ணி, மலை ஏத்தி அனுப்புறாங்க.”

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. வருடக்கணக்கில் அதற்கு மேல் குடித்தால் பல்லில் காவிக்கறை ஏறும். பிறகு மூட்டும் முதுகெலும்பும் இறுகும். இதற்காகத்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

ஆயாவின் பல்லில் அந்தக் கறை இருக்கிறது. அவர் வீட்டுக்காரர் கடைசி பத்து வருடம் குனிய முடியாமல் இருந்தார். வயசுக்கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பேரனின் பல் வெள்ளை.

“இவ்வளவு தண்ணி பக்கத்துலயே ஓடியிருக்கு. நாங்க போர் தண்ணியக் குடிச்சிட்டுக் கெடந்தோம்” என்றார் ஆயா. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மகன், “குடிக்க வந்திடுச்சு. காட்டுக்குத்தான் வரல” என்றார். அவர்கள் நிலத்தில் போட்ட போரில் 900 அடியிலும் புகைதான் வந்தது. வெள்ளக் காலத்தில் ஓடும் உபரி நீரை ஏற்றி மாவட்டத்து ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பது தருமபுரி விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. பள்ளத்தில் ஓடும் ஆறு. மேட்டில் கிடக்கும் நிலம். மோட்டார் இல்லாமல் தண்ணீர் ஏறாது.

“எங்களுக்கும் தண்ணிதாங்க கணக்கு. அதிகமா வந்தா துறைய மூடிடுவாங்க. ரொம்பக் கொறஞ்சா பாறை தட்டும். ரெண்டுக்கும் நடுவுல ஓடுனாத்தான் அடுப்பு எரியும்” என்றார் பரிசல் ஓட்டி.

திரும்பும் வழியில் பாறை குறுக்கிட்ட இடத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். கரையில், வாங்கிக் கொடுத்த மீனை அங்கேயே குழம்பு வைத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். மதியச் சாப்பாடு அதுதான்.

பஸ் ஏறும்போது மருமகள் கேட்டார்: “அத்தை, அடுத்த வருசமும் வரலாமா?”

“ஆடியில கூட்டிட்டு வா. ரொம்பிப் போறதப் பார்க்கணும்.”

கிளம்பும் முன் கவனிக்க...

* நாளிதழிலோ செய்தியிலோ அன்றைய நீர்வரத்தைப் பாருங்கள். கூடுதலாக வந்தால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடும். விநாடிக்கு ஒரு கனஅடி என்றால் சுமார் 28 லிட்டர். 10,000 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 0.86 டி.எம்.சி.

* கட்டணப் பலகையைப் பார்த்து, துறையிலேயே சீட்டு வாங்குங்கள். உயிர்காக்கும் உடுப்பு இல்லாமல் ஏறாதீர்கள். அளவுக்கு மேல் ஆளும் ஏற்றச் சொல்லாதீர்கள்.

* மணல்மேட்டின் ஓரம் ஆழமில்லாதது போலத் தெரியும். ஓரடி தள்ளினால் பள்ளம் இருக்கலாம். ஆற்றில் முதலையும் உண்டு. அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள்.

* குரங்குகள் பையைப் பிடுங்கும். சாப்பாட்டை மூடியே வைத்திருங்கள். நெகிழிப் பையை மணலில் விடாமல் திரும்ப எடுத்து வாருங்கள்.

* வீட்டில் இன்னும் போர் தண்ணீர் குடிப்பவர்கள் ஒருமுறை ஃபுளோரைடு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.