மௌனம் சம்மதமில்லை

எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு மனு எழுதவும் தெரியும் என்று. ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், எரியாத தெருவிளக்கு, பட்டா மாறுதல் எல்லாமே என் திண்ணைக்குத்தான் வரும். 2007-ல் ஒருநாள் வந்தது, கொஞ்சம் கனமான மனு.

கொண்டுவந்தவன் ஆயுள் தண்டனைக் கைதி. பயந்துவிடாதீர்கள். பம்பரத்துக்குக் கயிறு கேட்டு என் வீட்டு வாசலில் நின்ற வயசிலிருந்து அவனைத் தெரியும். வாய்க்கால் தகராறில் ஓங்கிய கை, ஒரு உயிரோடுதான் இறங்கியது. தண்டனை நியாயம்தான் என்று அவனே சொல்வான். அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று ஆறு நாள் பரோலில் வந்திருந்தான்.

"அண்ணே, இன்னும் பத்து நாள் தாண்டாதுங்கறார் டாக்டர். லீவை நீட்டிக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்கண்ணே."

எழுதினேன். உருக்கமாகத்தான் எழுதினேன். டாக்டர் சர்ட்டிபிகேட்டையும் சேர்த்துப் பின் அடித்து, இரண்டாம் நாளே கொடுத்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் பதில் இல்லை. நான்காம் நாள் போய்க் கேட்டால், "மேலே போயிருக்கு" என்றார்கள். ஐந்தாம் நாள் ராத்திரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லியிருப்பாங்கல்லண்ணே? பதில் வரலேன்னா சரின்னுதானே அர்த்தம்?"

கல்யாணப் பேச்சில் பெண் தலை குனிந்தால் மௌனம் சம்மதம் என்போம். எனக்கும் ஆமாம் என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. நல்லவேளை, எதிர்வீட்டு ரிட்டயர்டு ஏட்டையா குறுக்கிட்டார்.

"கெடு தாண்டுனா தலைமறைவுன்னு எழுதிருவாங்க. ஜாமீன் போட்ட உங்க மாமனையும் இழுப்பாங்க. அடுத்த பரோலை மறந்துடு. போயிரு தம்பி."

மறுநாள் அம்மாவுக்கு ரெண்டு கரண்டி கஞ்சி ஊட்டிவிட்டுப் போனான். நான்காம் நாள் அந்தம்மா போய்ச் சேர்ந்தார். போலீஸ் காவலோடு வந்து கொள்ளி வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே திரும்பினான்.

ஒரு மாசம் கழித்துப் பதில் வந்தது. மனுதாரர் உரிய தேதியில் சிறைக்குத் திரும்பிவிட்டபடியால் மேல் நடவடிக்கை தேவையில்லையாம். ஒழுங்காகத் திரும்பிப் போனதே மனுவை மூடக் காரணமாகிவிட்டது!

ரொம்ப நாள் அந்த ஆபீசைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை வக்கீல் நண்பரிடம் புலம்பியபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மனு வாங்கினதுக்குத் தேதி போட்டு சீல் வாங்குனீங்களா?"

"இல்லை."

"அப்ப நீங்க மனுவே குடுக்கலை சார்."

சுருக்கென்றது. அதற்குப் பிறகு அவரிடம் படித்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'முடியாது' என்பதுகூட ஒரு பதில். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போகலாம். பதிலே இல்லையென்றால் எதை எதிர்ப்பது? நியூயார்க் மாநிலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பரோல் வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையாக மேல்முறையீடு செய்து நான்கு மாதத்தில் பதில் வராவிட்டால், அந்தப் படியைத் தாண்டியதாகவே கருதிக்கொண்டு நேரே கோர்ட்டுக்குப் போகலாம்.

நமக்கும் கதவு இருக்கிறது, நாம்தான் தட்ட வேண்டும். அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 'விடுப்பு கொடுங்கள்' என்றுகூட அல்ல, 'என் மனுவுக்கு இத்தனை நாளில் பதில் சொல்லச் சொல்லுங்கள்' என்று கேட்கலாம். தென் மாவட்டக்காரர்களுக்கு 2004-லிருந்து மதுரையிலேயே கிளை இருக்கிறது. உயிர் ஊசலாடும் விஷயமென்றால் 'லஞ்ச் மோஷன்' என்று அன்றைக்கே எடுத்துக்கொள்ளக் கேட்பதும் உண்டு.

காசுக்கு எங்கே போவது? 1987-ஆம் வருட சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி காவலில் இருப்பவருக்கு வக்கீல் இலவசம். மனுப் போடுவது மனைவியோ அம்மாவோ என்றால், பெண் என்பதாலேயே அவருக்கும் இலவசம். 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். மனு எந்த மேஜையில் தூங்குகிறது என்று தெரிய வேண்டுமா? 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சாதாரணமாக முப்பது நாள் கெடு. உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம்தான்.

ராஜீவ் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற நளினி, மகள் கல்யாணத்துக்காகக் கொடுத்த விடுப்பு மனுவுக்குப் பதில் வராமல்தான் சென்னை உயர் நீதிமன்றம் வந்தார். 2019 ஜூலையில் தானே நின்று வாதாடினார். ஆறு மாதம் கேட்டார், ஒரு மாதம் கிடைத்தது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உத்தரவு கைக்கு வரும்வரை பழைய தேதிதான் தேதி. அன்றைக்குத் திரும்பிப் போயே ஆக வேண்டும்.

அவன் விடுதலையாகிப் பல வருஷம் ஆகிறது. போன மாசம் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். புருஷனுக்குப் பரோல் மனு எழுத வேண்டுமாம். நான் பேனாவைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"ரெண்டு காப்பி எழுதுங்கண்ணே. ஒண்ணு சீலோட திரும்பி வரணும்."