முடியாது என்று சொல்லத் தெரிந்த இயந்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் நீண்ட செய்தியைப் படித்தேன். உன் இரண்டு மென்பொருள் சர்வீஸ்களும் தனித்தனியே ஓடினால் பிசகில்லை. சேர்ந்து ஓடும்போது எப்போதாவது ஒரு நாள், நீ முந்து நான் முந்து என்று ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடுகின்றன. காரணம் பார்க்க லாக் வரிகளைச் சேர்த்தால் கோளாறு ஒளிந்துகொள்கிறது. அந்த வரிகளே ஓட்டத்தின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றிவிடுகின்றன, அதனால்தான் ஒளிகிறது. இதற்காக ராத்தூக்கம் கெடுத்துக்கொள்ளாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். கடைசியில் நீ கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். "என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், நிரலை இனி மெஷினே எழுதிவிடும் என்கிறார்களே அக்கா, அப்போது இந்தத் தலைவலியும் போய்விடுமா?"

முதலில், இது உன் திறமைக் குறைவு இல்லை. 1965இல் டைக்ஸ்ட்ரா ஒரு சிறிய கட்டுரை எழுதினார்: பல கணினிகள் ஒரே பொருளைப் பகிரும்போது ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் அதைத் தொடும்படி எப்படிச் செய்வது என்று. அடுத்த வருடமே ஹைமன் என்பவர், இரண்டு கணினிகள் மட்டும் என்றால் இன்னும் சுருக்கமாக முடியும் என்று சில வரிகளில் ஒரு விடை வெளியிட்டார். அது தப்பு. குறிப்பிட்ட ஒரு வரிசையில் ஓடினால் இரண்டும் ஒன்றாகவே அந்தப் பொருளைத் தொட்டுவிடும். அதே 1966இல் க்னூத் அதைச் சுட்டிக்காட்டினார். இத்தனைக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய வரிகள்தான். பத்து அடிகள் கொண்ட இரண்டு ப்ராசஸ்களை ஓடவிட்டால் அந்த அடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் வரிசைகள் மட்டும் 1,84,756. உன் டெஸ்ட் அதில் எத்தனையைப் பார்த்திருக்கும்? 2003 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் ஐந்து கோடிப் பேர் மின்சாரம் இல்லாமல் தவித்தார்களே, அதற்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று, கட்டுப்பாட்டு அறையின் அலாரம் மென்பொருளுக்குள் இருந்த ஒரு ரேஸ் கண்டிஷன், அதாவது எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் கோளாறு. அதைக் கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆனது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அது புதிய கேள்வி இல்லை. 1957 கோடையில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் தர்க்கவியலாளர்கள் கூடிய இடத்தில் அலோன்சோ சர்ச் இதைக் கேட்டுவிட்டார். ஒரு சர்க்யூட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விவரணையைத் தர்க்க மொழியில் கொடுத்தால், அதிலிருந்து சர்க்யூட்டைத் தானாகக் கட்ட முடியுமா? முடியாது என்றால் முடியாது என்றாவது சொல்ல முடியுமா? இந்த இரண்டாவது பாதிதான் எனக்கு உயிர். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அமிர் ப்னூவேலி 1977இல் காலத் தர்க்கத்தை நிரல்களுக்குக் கொண்டுவந்தார். "எப்போதும் இப்படி", "என்றாவது ஒரு நாள் அப்படி" என்று எழுத ஒரு கறாரான மொழி கிடைத்தது. முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிஸ்டத்தைப் பற்றிப் பேச அந்த மொழி வேண்டியிருந்தது. 1981இல் ஹார்வர்டிலிருந்து எட்மண்ட் கிளார்க்கும் அவருடைய மாணவர் ஆலன் எமர்சனும் அதன் ஒரு கிளை வகையை எடுத்துக்கொண்டு, விவரணையிலிருந்து ஒருங்கே ஓடும் ப்ராசஸ்களின் எலும்புக்கூட்டையே கட்டிக் காட்டினார்கள். அதே கட்டுரையில்தான் மாடல் செக்கிங் என்ற வேறொரு யோசனையும் இருந்தது: ஏற்கெனவே இருக்கும் சிஸ்டம் விவரணைக்கு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது. உலகம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. 2007க்கான டியூரிங் விருதும் அதற்குத்தான், ஜோசப் சிஃபாக்கிஸையும் சேர்த்து மூவருக்குக் கிடைத்தது. கட்டுவது என்ற முதல் கனவு பின்னால் போய்விட்டதில் எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு.

அப்பா சிவகங்கைப் பக்கம் ஒற்றைப் பாதை ஸ்டேஷனில் வேலை பார்த்ததை நினைத்துக்கொள். இரு பக்க ஸ்டேஷன்களிலும் டோக்கன் கருவி. அந்தப் பக்கம் லைன் கிளியர் கொடுத்தால்தான் இந்தப் பக்கம், வண்டி புறப்பட அனுமதியான பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இன்னொன்று எந்தப் பக்கத்திலிருந்தும் வராது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் ஒருபோதும் இருக்கக்கூடாது: இது முதல் வாக்கியம். இதை மட்டும் ஓர் இயந்திரத்திடம் கொடுத்துக் கட்டித் தா என்று கேட்டால் அது எதைக் கொடுக்கும் தெரியுமா? யாருக்கும் எப்போதும் பந்து கொடுக்காத ஸ்டேஷனை. விபத்தே நடக்காது, விவரணை முழுக்க நிறைவேறிவிட்டது. ஆகவே இரண்டாவது வாக்கியம் வேண்டும்: காத்திருக்கும் எந்த வண்டியும் என்றாவது புறப்பட வேண்டும்.

கிளார்க்கும் எமர்சனும் எடுத்த உதாரணமும் இதுவே. ஒவ்வொரு ப்ராசஸும் மூன்று நிலைகளில் இருக்கலாம்: தன் வேலையில், காத்திருப்பில், பகிர்ந்த பொருளைத் தொடும் இடத்துக்கு உள்ளே. விவரணையிலிருந்து வரக்கூடிய நிலைகளையெல்லாம் முதலில் விரித்துப்போட்டார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வழியில்லாத நிலைகளை ஒவ்வொன்றாக அழித்தார்கள். மிஞ்சும் வரைபடத்தை ப்ராசஸ் வாரியாக வெட்டினால் அதுதான் நிரல். இதில் நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் சிலிர்த்துப்போகும் ஓர் இடம் உண்டு. இரண்டும் காத்திருக்கும் நிலை வரைபடத்தில் இரண்டு முறை வருகிறது. ஒன்றில் முதலாவதன் முறை, மற்றதில் இரண்டாவதன் முறை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அவற்றைப் பிரித்துக் காட்ட, "யாருடைய முறை" என்று ஒரு பகிர்ந்த மாறி தேவைப்படுகிறது. டெக்கர் என்ற டச்சுக் கணிதவியலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்த விடையிலும் அந்த மாறி இருக்கிறது. இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. "யாரும் பட்டினி கிடக்கக்கூடாது" என்ற ஒரு வாக்கியத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருந்தது.

இதில் குறைகளும் உண்டு. ப்ராசஸ்கள் கூடக் கூட மொத்த வரைபடம் வெடித்துப் பெருகும். 1998இல் பால் ஆட்டீயும் எமர்சனும், எல்லாம் ஒரே மாதிரியான ப்ராசஸ்கள் என்றால் இரண்டிரண்டாகப் பார்த்தே கட்டலாம் என்று அதற்கு ஒரு வழி கண்டார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. 1981இன் முறை, எல்லாப் பாத்திரங்களும் தன் கைப்பிடியில் இருப்பதாக எண்ணிக்கொண்டது. உன் சர்வீஸ்களுக்கு வெளியே வாடிக்கையாளர் இருக்கிறார், நெட்வொர்க் இருக்கிறது. அவர்கள் உன் சொல் கேட்க மாட்டார்கள். "இப்போது நான் தரும் விடை, அடுத்த நொடி நீ கேட்கப்போவதோடு ஒத்துப்போக வேண்டும்" என்று எழுதிப் பார். அப்படி நடக்கும் ஓட்டம் ஒன்று உண்டுதான், ஆனால் அப்படி நடந்துகொள்ளும் நிரல் கிடையாது, ஜோசியம் தெரிந்தாலொழிய. அதனால் இது ஓர் ஆட்டம்: வெளியுலகம் ஒரு காய் நகர்த்தும், நீ ஒன்று நகர்த்துவாய். அது என்ன செய்தாலும் உன் வாக்கு நிற்க வேண்டும். பூக்கியும் லேண்ட்வெபரும் 1969இல் சர்ச்சின் கேள்விக்கு இப்படித்தான் விடை சொன்னார்கள். ப்னூவேலியும் ரோனி ராஸ்னரும் 1989இல் காலத் தர்க்கத்துக்கு அதைச் செய்தபோது, அந்தக் கணக்கின் செலவு இரட்டை அடுக்குக்குறி வேகத்தில் ஏறும் என்பதும் தெரிந்தது.

மறு வருடம் அதே இருவர் சொன்னதுதான் என் பார்வையில் இந்தத் துறையின் மிக ஆழமான செய்தி. இரண்டு ப்ராசஸ்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உள்ளீடு, ஒன்று பெறுவது மற்றதற்குத் தெரியாது. இப்படி ஓர் அமைப்புக்கு, விவரணையை நிறைவேற்றும் ஜோடி நிரல்கள் உண்டா என்று தீர்மானிக்கும் பொதுவான வழிமுறையே கிடையாது. எத்தனை வேகமான கணினி வந்தாலும் கிடையாது. ஒருவர் அறிவது மற்றவர் அறிவதற்குள் அடங்கிவிடும்படி வரிசையாக நின்றால் வழி உண்டு. யாருக்கும் யாருடையதும் முழுக்கத் தெரியாது என்று அறிவு கவைபோலப் பிரிந்தால் கதவு மூடிக்கொள்கிறது. ஃபிங்க்பைனரும் ஷேவாவும் 2005இல் அந்த எல்லைக்கோட்டைத் துல்லியமாக வரைந்தார்கள். உன் இரண்டு சர்வீஸ்களின் படம் போட்டு அனுப்பியிருந்தாயே, அது அந்தக் கவைதான். நிரல் எழுதுவது உன் கஷ்டமே இல்லை, தம்பி. யாருக்கு எப்போது எது தெரியும் என்பதுதான் கஷ்டம்.

இதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தச் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்லி ஒட்டுமொத்த நடத்தையைக் கொடுத்தால், சந்திக்கும்போது மட்டும் பேசிக்கொள்ளும் ப்ராசஸ்களாக அதைப் பிரித்துவிடலாம் என்று ஜீலோன்கா 1987இல் நிறுவினார். அதற்கு, சந்திக்கும் இருவரில் மூன்றாமவரைப் பற்றிய புதிய சேதி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அதுவும் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும் எண்கள் இல்லாமல், வரம்புக்குட்பட்ட நினைவில். சென்னை கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்தும் ஐஐடி பம்பாயின் மிலிந்த் சோஹோனியும் அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்தெடுத்து 1997இல் தெளிவாக எழுதினார்கள், ஊர்வம்பில் புதியது எது என்று கணக்கு வைப்பதாக. பி. எஸ். தியாகராஜனும், தரமணியில் கணித அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்த பி. மதுசூதனும், பிரிந்து கிடக்கும் கட்டுப்படுத்திகளைக் கட்டுவது பற்றி 2001இல் எழுதியதும் இதே வழியில்தான். என் மாணவர்களிடம் இந்தப் பெயர்களைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

நடைமுறைக்கு வந்ததா என்று கேட்பாய். கொஞ்சம் வந்தது. பிட்டர்மன், ப்னூவேலி, சாஅர் மூவரும் 2006இல் விவரணையின் வடிவத்தைக் கட்டுப்படுத்தினார்கள்: "வெளியுலகம் இப்படி நடந்துகொண்டால் நான் இப்படி நடந்துகொள்வேன்." அதற்குச் செலவு சமாளிக்கக்கூடியதாக இருந்தது. அடுத்த வருடம் ப்ளோமும் மற்றவர்களும் ஏ.ஆர்.எம். நிறுவனத்தின் ஆம்பா பஸ்ஸுக்கு (சிப்பின் பாகங்கள் பகிரும் தொடர்புப் பாதை), யாருக்கு அடுத்த முறை என்று தீர்மானிக்கும் சர்க்யூட்டை விவரணையிலிருந்தே கட்டினார்கள். மனிதன் எழுதியதைவிட அது பெரிதாக வந்தது. ஆனால் வந்தது. அந்த வடிவத்திலும் ஒரு பொறி உண்டு, கவனி. "பாதைக்குள் போன வண்டி வெளியே வந்துவிடும் என்றால், காத்திருப்போருக்கு டோக்கன் தருவேன்" என்று எழுதினால், உள்ளே போன வண்டிக்குச் சிவப்பு விளக்கைக் காட்டி அங்கேயே நிறுத்திவைக்கும் ஸ்டேஷனும் வாக்குத் தவறாததே. வண்டி வெளியே வரவில்லையே!

இன்று பேச்சுமொழியில் சொன்னால் நிரல் எழுதித்தரும் மாதிரிகள் வந்திருக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன், நல்ல உதவி. ஆனால் நடக்க முடியாத ஒன்றைக் கேட்டாலும் அவை ஏதோ ஒன்றை எழுதிக் கையில் கொடுத்துவிடக்கூடும். விவரணையிலிருந்து நிரலைக் கட்டும் இந்த முறை, சிந்தசிஸ், அப்படியில்லை. அந்தக் கவை குறுக்கிடாத இடத்தில், முடிகிற விவரணை என்றால் நிரல் வரும், சரி என்ற உறுதியோடு. முடியாதது என்றால் முடியாது என்று சொல்லி, வெளியுலகம் எந்த எந்தக் காயை நகர்த்தினால் நீ தோற்பாய் என்பதையும் காட்டும். அந்த "முடியாது"க்காகத்தான் நான் இந்தத் துறையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உன் ஆபீஸில் கூட்டம் போட்டு ஆளுக்கொன்றாகக் கேட்கும் ஆசைகளில் எது எதோடு மோதுகிறது என்று, ஒரு வரி நிரல் எழுதும் முன்னே அது சொல்லிவிடும்.

ஆகவே நிரலில் இன்னொரு பூட்டைச் சேர்ப்பதை இந்த வாரம் நிறுத்திவை. இரண்டு சர்வீஸ்களும் என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலேயே எழுது. ஒருபோதும் நடக்கக்கூடாதவை ஒரு பக்கம், என்றாவது நடந்தே தீர வேண்டியவை ஒரு பக்கம். வெளியிலிருந்து எதை நம்புகிறாய் என்பதைத் தனியாக எழுது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் எதெது கண்ணுக்குத் தெரியும் என்பதை மறக்காதே, முக்கால்வாசி விடை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. நான் அதை, இரண்டும் ஒரே நிரல் என்று வைத்துக்கொண்டு, காலத் தர்க்கத்தில் எழுதி ஸ்ட்ரிக்ஸ் என்ற கருவியில் போட்டுப் பார்க்கிறேன். அப்படியும் முடியாது என்று வந்தால் உடனே போன் செய்கிறேன். எந்த வாக்கியத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று உன் மேனேஜரிடம் நீதான் பேச வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா