நோகாத நொண்டல்

இடுப்பு மூட்டை மாற்றிய வைத்தியர் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தார். பிசியோ மிஸ் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி, தாளிலும் எழுதித் தந்தார். மனைவி பார்த்த பணிவிடைக்குக் கணக்கில்லை. ஆகவே குற்றம் சாட்ட வேறு ஆள் இல்லை. நோ போன பிறகும் நான் நொண்டினேன். வேண்டுமென்றே நொண்டினேன்.

முதலில் உண்மையான நொண்டல் ஒன்று இருந்தது. மன்னாரில் மேடு பள்ளம் கிடையாது, ஏறி இறங்க மலை கிடையாது. ஆனால் மணல் உண்டு. தார் போட்ட வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் கால் புதையும். புதைந்த காலை இழுத்தெடுக்க இடுப்பு வேலை செய்யவேண்டும். என் வலது இடுப்பில் குருத்தெலும்பு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசத் தொடங்கியிருந்தன. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த கடைசி வருடங்களில் கரும்பலகைக்கு முன்னால் இடது காலில் நின்றுதான் பாடம் நடத்தினேன். என் நடையைப் பெடியள் பின்னால் நடித்துக் காட்டுவது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த நடைக்கு வைத்தியத்தில் ஒரு பெயர் இருக்கிறது. 1895இல் ட்ரெண்டலென்பர்க் என்ற ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் அதை விளக்கினார். நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது நிற்கிற காலின் பக்கத்திலுள்ள பிட்டத் தசை இறுகி, இடுப்பைச் சரியாமல் பிடிக்க வேண்டும். அந்தத் தசை பலவீனப்பட்டால் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே விழும். விழாமல் இருக்க உடம்பை நோகிற காலின் பக்கம் சரிப்போம். வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து நடந்தால் தசை மெலிந்துவிடும். மூட்டை மாற்றினால் வலி போகும். தசை தானாகத் திரும்பி வராது.

கணக்கு வாத்தியாருக்கு இது நெம்புகோல் பாடம். பந்து மூட்டுத்தான் சுழலிடம். உடம்பின் பாரம் அதிலிருந்து தூரத்தில், தசை கிட்டத்தில். அதனால் தசை உடம்பின் பாரத்தைவிடக் கூடுதலாக இழுக்கவேண்டும். பொல்லை எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால் அதன் தூரம் மிக நீளம். கொஞ்சம் ஊன்றினாலே மூட்டுக்குப் பெரிய ஆறுதல். நோகிற காலின் பக்கத்திலேயே பொல்லைப் பிடிக்கிற கிழவர்களைப் பிடித்துவைத்து இதை விளக்கியிருக்கிறேன். வாய்ப்பாடு சொல்லித் தருவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

கொழும்பில் ஒப்பரேசன் முடிந்து, தலைமன்னார் இரவு ரயிலில் வீடு வந்தேன். 1990இல் நின்றுபோய் 2015இல் திரும்பத் தலைமன்னார் வரை வந்த அதே ரயில். மிஸ் தந்த தாளில் முதல் வாரங்களுக்கான தடைகள் இருந்தன: இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடிக்கக்கூடாது, காலுக்கு மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது. மீறினால் புதுப் பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடலாம். அடுத்த பக்கத்தில் பயிற்சிகள்: மல்லாந்து படுத்துப் பிட்டத்தைத் தூக்குவது, ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் விரிப்பது, பிறகு மெல்ல ஒற்றைக் காலில் நிற்பது. தடைகளை நான் அச்சொட்டாகக் கடைப்பிடித்தேன். எதையும் செய்யாமல் இருக்கச் சொல்கிற பக்கம் அல்லவா. பயிற்சிப் பக்கத்தை பைபிளுக்குள் வைத்துவிட்டு, அந்த நேரத்தில் இடுப்பு மூட்டின் சரித்திரம் வாசித்தேன்.

நல்ல சரித்திரந்தான். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்ற இடத்து வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி 1962இல் உலோகப் பந்தையும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் சேர்த்தார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். அதற்கு முன்பே, 1960இல், பர்மாவின் மண்டலேயில் சான் போ என்ற வைத்தியர் யானைத் தந்தத்தில் பந்து கடைந்து 83 வயதுப் பௌத்த பிக்குணி ஒருவருக்குப் பொருத்தினார். பிறகு முந்நூறு பேருக்கு மேல் பொருத்தினார். அவர்களில் பெரும்பாலானவர்கள் குந்தி இருந்தார்கள், சைக்கிள் ஓடினார்கள் என்று எழுதியிருந்தது. பார்க்க வந்த சொந்தக்காரருக்கெல்லாம் நான் இந்தக் கதையைச் சொன்னேன், சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி.

இரண்டு கால்களும் நீளம் வேறு மாதிரி இருக்கிறதென்று கிளினிக்கில் முறையிட்டேன். ஒப்பரேசனுக்குப் பிறகு பலருக்கு அப்படித் தோன்றும், இறுகின தசை இளக அது போய்விடும் என்றார்கள். போய்விட்டது. போனதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நொண்டிக்குக் கிடைக்கிற மரியாதையை எப்படிச் சொல்வேன்! பென்சன் எடுக்க வங்கிக்குப் போனால் வரிசை விலகும். பஸ்ஸில் மதகுருமாருக்கென்று ஒதுக்கிய முன் இருக்கையைக் காட்டி, “இருங்கோ மாஸ்டர்” என்பார் கொண்டக்டர். பூசையில் எல்லாரும் முழந்தாளில் நிற்க நான் மட்டும் வாங்கில் நிமிர்ந்து இருப்பேன். தவக்காலத்துச் சிலுவைப்பாதையில் நிழல் விழுகிற இடம் எனக்கு. வீட்டில் சொல்லவே வேண்டாம். கிணற்றடியில் இருந்து வாளி தூக்குவது அவள். மீன் சந்தைக்கு உமலோடு போவது அவள். தேத்தண்ணி கைக்கு வரும், பேப்பர் கைக்கு வரும். கறிக்கு உப்புக் குறைந்தாலும் எழும்பாமல் சத்தம் போட்டுச் சொல்லலாம். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் நின்று வாங்காத மரியாதை அது. பெடியள்கூட என் நடையை இப்போது நடிப்பதில்லை. யோசித்துப் பார்த்தால், நல்ல நடை திரும்பி வந்துவிடுமோ என்ற பயந்தான் எனக்குள் இருந்திருக்கிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடலாம்.

வங்காலையில் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, படுக்கையில் கிடந்தார். எங்களுக்குள் பேச்சில்லை. 1990இல் நாங்கள் சண்டைக்குப் பயந்து வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது பனங்காணி வேலி எங்கள் பக்கம் நகர்ந்திருந்தது. அவர் நகர்த்தினாரா, இடையில் குடியிருந்தவர்கள் நகர்த்தினார்களா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. நான் ஒரு கோட்டுக்காகப் பேச்சை விட்டேன். “தம்பியை ஒருக்கா வரச்சொல்லுங்கோ” என்று ஆள் விட்டிருந்தார். பாலம் கடந்து கொஞ்ச நேரப் பஸ் ஓட்டம். வீட்டு வாசலிலேயே இறங்கலாம்.

“கால் ஏலாது” என்றேன்.

வந்த ஆள் என் காலைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் விளக்கம் கேட்க யாருக்கும் மனம் வராது. மனைவி எனக்குப் பதிலாகத் தனியே போனாள். அவள் பஸ் ஏறிய அன்று பின்னேரம் நான் பள்ளிமுனையில் உதைபந்தாட்டம் பார்க்கப் போனேன். நடந்துதான் போனேன். சோளகக் காற்று மணலை முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிராக நடந்தேன். வலி கொஞ்சமும் இல்லை. ஆட்டம் முடியும்வரை கயிற்றோரம் நின்றேன்.

அண்ணன் அந்தக் கிழமையே போய்விட்டார். செத்த வீட்டுக்கு ஓட்டோவில் போனேன். அன்றைக்கு நான் நொண்டியதுபோல் ஒருநாளும் நொண்டவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடிய ஒவ்வொரு கண்ணுக்கும் இடுப்பால் பதில் சொன்னேன். பாயில் இருந்தவர்கள் எழும்பிக் கதிரை தந்தார்கள். அண்ணி என் கையைப் பிடித்து, “இந்தக் காலோட வந்தீங்களே” என்று அழுதா.

பந்தலுக்குள் என் பக்கத்தில் எங்கள் ஊர் மீன் வியாபாரி ஒருவர் இருந்தார். சண்டைக் காலத்தில் மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே போனவர். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையத்தில் கால் போட்டவர். அந்தக் கால் 1968இல் இராஜஸ்தானில் உருவானது. வெறுங்காலோடு நடக்கிற, நிலத்தில் குந்துகிற நம்மைப் போன்ற சனங்களுக்காகச் செய்தது. அந்தக் காலோடு அவர் விடியப்புறம் கரைக்குப் போவார், ஈர மணலில் மீன் பெட்டி இழுப்பார். என் பொல்லு சரிந்து விழ, எடுத்து நிமிர்த்தப் போனவர் அதைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார்.

“மாஸ்டர், ரப்பர் புதுசாக் கிடக்கு.”

நான் பேசவில்லை.

“நான் கட்டையில நடந்த காலத்தில ரப்பர் தேஞ்சு தேஞ்சு மாத்தினனான். ஊண்டினால் தேயும்.” பொல்லைக் கதிரையில் சாத்திவைத்தார். “அண்டைக்கு மேட்ச் நல்லம், என்ன?”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் யாரிடமும் சொன்னதாகவும் தெரியவில்லை. சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டாவது தப்பியிருப்பேன்.

மற்ற நாள் காலையில் பொல்லைக் கதவு மூலையில் வைத்துவிட்டு நேராக நடந்து பார்த்தேன். ஏலவில்லை. காற்றுக்கெதிராகப் பள்ளிமுனைக்கு நடந்த மனுசனுக்கு, கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தபோது இடுப்பு சரிந்தது. வலி இல்லாததை நடை நேரானதென்று நினைத்திருக்கிறேன். அன்றைக்கு எப்படி நடந்தேன் என்று பார்க்க எனக்குக் கண்ணாடி இருக்கவில்லை. நான் நடிப்பென்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி உண்மை. தசைக்கு வேலை கொடுக்காமல், உடம்பைச் சரித்துச் சரித்துப் பழக்கி, பொய்க்குள் ஒரு மெய் நொண்டலை நானே வளர்த்துவிட்டிருந்தேன்.

கிளினிக்குக்குப் போய்ப் பயிற்சி செய்யவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டேன். மிஸ்ஸுக்கு அது முன்னமே தெரிந்திருக்கிறது. முகத்தில் ஆச்சரியமே இல்லை. இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்து, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். “பிந்தினாலும் தசை வளரும் ஐயா. ஆனா நீங்கள்தான் வளர்க்கவேணும்” என்றார். பொல்லை எறியவேண்டாம், இப்போதுதான் அதை உண்மையில் ஊன்றவேண்டும், சரியாமல் நடக்க முடிகிற அளவுக்கு ஊன்றுங்கள் என்றார். சிறிய அடி, சம நேர அடி, முதலில் குதி, பிறகு விரல். மணலில் வேண்டாம், வீதியில் நடவுங்கள். ஜன்னல் கம்பியில் இப்போது என் கைப்பிடித் தடம் பளபளக்கிறது. பள்ளிமுனைப் பெருக்கமரம் வரை போய், அந்தப் பெருத்த அடிமரத்தைக் கையால் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று நடந்து வருவேன். வெளிநாட்டுக்காரர் படம் எடுக்க வருகிற மரம். சுற்றிக்கொண்டிருக்கிற கிழவனையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். களைத்துப்போனால் இப்போதும் கொஞ்சம் சரிகிறது. பழைய ரப்பர் தேய்ந்து, புதிது போட்டாயிற்று.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாகக் கிடந்த அண்ணனைப் பார்க்கப் போகவில்லை என்று பாதரிடம் சொன்னேன். கால் ஏலும் என்பதைச் சொல்லவில்லை. சுகமில்லாத நேரத்தில் நடந்ததற்கு அதிகம் வருந்தவேண்டாம் என்று அவர் தேற்ற, தலைகுனிந்து அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அண்ணியிடம் வேலிப் பேச்சை விட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினேன். அதைப் பெருந்தன்மை என்று ஊர் சொல்கிறது.

மனைவியின் இடது முழங்கால் வீங்கத் தொடங்கியது எப்போதென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். வாளி தூக்கிக்கொண்டு அவள் கிணற்றடியிலிருந்து வருவதை நான் சாய்மனையில் கிடந்து தினமும் பார்த்தேன். அவள் நடையில் சரிவு வந்ததை இடுப்பின் சரித்திரம் வாசித்தவன் கவனிக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேய்வு என்று கொழும்புக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். வாளி இப்போது என் கையில். தூக்கும்போதெல்லாம் குசினிக்குள் இருந்து சத்தம் வரும்: “பாத்து, உங்கட கால்!”

வருகிற கிளினிக்குக்கு இரவு ரயிலில் இரண்டு பேருக்கும் இடம் பதிந்திருக்கிறேன். பையை நான் தூக்குகிறேன் என்றேன். ஏலாத மனுசன் பாரம் தூக்குவதா என்று அவள் சம்மதிக்கவில்லை.