தோய்ச்சலுக்கு என்ன விலை?

ஓசூரைத் தாண்டியதும் கர்நாடகத்தில் வரும் முதல் ஊர் அத்திபெலே. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்பதால் லாரிகளுக்குக் குறைவில்லை. லாரிகள் நிற்கும் இடத்தில் மெக்கானிக் கடைகளும், அவற்றின் வாசலில் உடைந்த கமான் பட்டைகளும் கிடக்கும். கொல்லர்களுக்கு அந்தப் பட்டைதான் கச்சாப் பொருள். கைவேலை வேட்டைக் கத்திகளைச் சேகரிக்கும் ஆசை நகரத்தில் பரவி வருகிறது. கத்தி பிறக்கும் இடத்தைப் பார்க்க அத்திபெலேயில் ஒரு பட்டறைக்குப் போனேன்.

தகரக் கொட்டகை. துருத்தி போய் மின்சார ஊதி வந்துவிட்டது. பட்டடைக்கல்லும் சம்மட்டியும் இடுக்கியும் மாறவில்லை. கொல்லர் வந்தவர்களிடம் கன்னடம் பேசுகிறார், சம்மட்டி பிடிக்கும் மகனிடம் தமிழ்.

“கடையில புது இரும்பு கிடைக்குமே அண்ணா?”

“கிடைக்கும் சார். அதுல கூரு நிக்காது. பட்டையிலதான் நிக்கும். ஆனா உள்ள விரிசல் இருக்கக் கூடாது. தட்டிப் பாத்தா சத்தத்துலயே தெரிஞ்சிடும்.”

அவர் சொல்வதன் காரணம் கார்பன். கட்டடக் கம்பியில் அது சுமார் கால் சதவீதம். கமான் பட்டையில் அரை சதவீதத்துக்கு மேல். அந்த அளவு கார்பன் இருந்தால்தான் காய்ச்சித் தோய்க்கும்போது இரும்பு இறுகும்.

அடித்து வடிவம் கொண்டுவருவது பாதி வேலை. மீதி, தோய்ச்சல். அலகு செக்கச்செவேலென்று பழுத்ததும் வாய்ப்பகுதியை மட்டும் எண்ணெயில் இறக்கி எடுக்கிறார். உடனே கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி உற்றுப் பார்க்கிறார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு இறங்க இறங்க நிறம் மாறுகிறது: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். மஞ்சள் வாயைத் தொட்டதும் மறுபடி எண்ணெய். மஞ்சளுக்கு முன்பே நிறுத்தினால் வாய் சில்லு பெயரும். நீலம்வரை விட்டால் கூர் மழுங்கும். வெப்பமானி இல்லை, கண்தான்.

இந்த அறிவுக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. 1800இல் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், மண்மூசையில் இரும்போடு ஆவாரங்குச்சி வைத்து மூடி எஃகு உருக்கியதைப் பதிவு செய்தார். பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் சாரதா சீனிவாசன், தமிழ்நாட்டின் மேல்சிறுவலூரில் அத்தகைய மூசைகளின் எச்சங்களை ஆராய்ந்தார். ‘ஊட்ஸ்’ என்று ஐரோப்பா அழைத்த அந்த எஃகை மைக்கேல் பாரடேவும் சோதித்துப் பார்த்தார்.

கத்திக் கொல்லருக்கு மதிப்பு எப்படி வரும் என்பதற்கு அமெரிக்கா ஓர் உதாரணம். அங்கே உலையில் அடித்த கத்தி ஏறக்குறைய மறைந்திருந்த நேரத்தில், 1973இல் பில் மோரன் என்ற கொல்லர் அடுக்கு எஃகுக் கத்திகளைக் கண்காட்சியில் வைத்தார். 1976இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் பிறந்தது. அதன் தேர்வு கடுமையானது. தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச்சட்டத்தைக் கொத்தித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே வாயால் கைமுடியை மழிக்க வேண்டும். கடைசியில் வைஸில் பூட்டி 90 பாகை வளைத்தால் அலகு ஒடியக் கூடாது. தேறியவர் தன் முத்திரையை அலகில் பதிக்கிறார். சேகரிப்பவர் பணம் கொடுப்பது அந்தப் பெயருக்கு.

இங்கே முத்திரை இல்லை. “நல்லா வந்திருக்குனு போட்டோ எடுப்பாங்க சார். காசுனு வந்தா, அருவா விலையைச் சொல்லி பேரம்” என்கிறார் கொல்லர்.

வாங்குபவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக் கத்திக்கு இங்கே வேட்டை இல்லை. அது முகாமுக்கும் அலமாரிக்கும்தான். ஒருகாலத்தில் உலகம் விரும்பிய கடமான் கொம்புப் பிடியும் கூடாது. ஈட்டி மரமோ தேக்கோ போதும். வீட்டுக்கும் வயலுக்குமான கருவிகள் தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும். தோல் உரிக்கவும் இறைச்சி பிரிக்கவும் பிறந்த வேட்டைக் கத்திக்கு நான்கைந்து அங்குலமே தாராளம்.

கைவேலைக் கத்தி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பளபளப்பையும் அலகில் ஓடும் கோலத்தையும் பார்த்து ஏமாறாதீர்கள். யார் தோய்த்தது என்று கேளுங்கள். அவர் பெயரை அலகில் பொறிக்கச் சொல்லுங்கள். பெயர் வந்துவிட்டால் அருவா விலையில் பேரம் பேச யாருக்கும் வாய் வராது.